ஒற்றை > குறி உங்கள் ஃபைலைத் துடைத்துவிடாமல் இருக்க

அண்ணன் கடையின் 14 மாத விற்பனைப் பட்டியலை ஒரே வரியில் அழித்தவன் நான். பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கலாம் என்று இப்படி அடித்தேன்:

சார்ட் விற்பனை > விற்பனை

சார்ட் என்பது வரிகளை அடுக்கும் கட்டளை, அம்புக்குறி அதன் விடையைத் திரையில் காட்டாமல் வலப்பக்கம் உள்ள ஃபைலில் எழுதும். படிக்கிற ஃபைலும் எழுதுகிற ஃபைலும் ஒன்றாகவே இருப்பது அப்போது உறுத்தவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. டெர்மினல் உடனே அடுத்த வரிக்கு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய பட்டியலை இவ்வளவு சீக்கிரம் அடுக்கிவிட்டதா என்று சந்தேகப்பட்டு, ஃபைல்களின் அளவைக் காட்டும் எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தேன். அளவு இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தது.

ஷெல் ஸ்கிரிப்ட் (டெர்மினல் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்; அவற்றைப் படித்து ஓட்டும் நிரல்தான் ஷெல்) எழுத இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் இந்த 0-ஐ நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள். அதைத் தள்ளிப்போடவே இது.

படிப்பதற்கு முன் ஒன்று. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். குழப்பம் வரும் இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைல் பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும், லினக்ஸிலும் மேக்கிலும் அவை அப்படியே செல்லும்.

செலவு: பூஜ்யம். எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை, பெரும்பாலும் எதையும் நிறுவவும் வேண்டியதில்லை. நேரம்: டெர்மினலைப் பாதுகாக்க இரண்டு நிமிடம், ஒரு ஸ்கிரிப்ட்டைச் சீராக்க அரை மணி. திருத்தப்போவது மூன்றே இடங்கள்: உங்கள் ஷெல்லின் தொடக்க ஃபைல், உங்கள் ஸ்கிரிப்ட்டுகள், கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) வைத்திருந்தால் அதன் பட்டியலான கிரான்டேப்.

1. முதலில் கண்ணால் பாருங்கள்

ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் போய் இதை அடியுங்கள்:

எக்கோ வணக்கம் > சோதனை

ஃபைலில் உள்ளதைக் காட்டும் கேட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் உள்ளே வணக்கம் இருக்கும். இப்போது உலகத்தில் இல்லாத ஒரு கட்டளையை அடியுங்கள்:

அப்படியொன்றுமில்லை > சோதனை

அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் சொல்லும். சரி, கட்டளைதான் ஓடவில்லையே, ஃபைலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். 0.

ஃபைலைக் காலி செய்வது சார்ட்டும் அல்ல, சொல் தேடும் கிரெப்பும் அல்ல. வரியில் > இருந்தால் ஷெல் முதலில் அந்த ஃபைலைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கட்டளையைத் தேடிப்போகிறது. என் சார்ட் கண் திறந்து பார்த்தபோது அதன் முன் வெறும் ஃபைல்தான் இருந்தது. ஒன்றுமில்லாததை ஒழுங்காக அடுக்கி, ஒன்றுமில்லாததை எழுதிவிட்டுப் போனது. அதன் மேல் தப்பு சொல்ல முடியாது.

2. டெர்மினலுக்கு ஒரு தாழ்ப்பாள்

செட் -ஓ நோக்ளாபர்

கடைசிச் சொல்லில் இடைவெளி கிடையாது. ஒன்பது எழுத்து: என், ஓ, சி, எல், ஓ, பி, பி, ஈ, ஆர். நடுவில் பி இரண்டு முறை வரும், நான் ஒற்றை பி போட்டுவிட்டு அரை மணி நேரம் விழித்தேன். இதையே சுருக்கி செட் -சி என்றும் போடலாம், ஆனால் அது பெரிய எழுத்து சி. நீளமாகவே எழுதுங்கள் என்பேன். ஆறு மாதம் கழித்து ஸ்கிரிப்ட்டைத் திறக்கும்போது அந்த ஒற்றை எழுத்து என்னவென்று உங்களுக்கே நினைவிருக்காது.

இதைப் போட்டபின் முதல் படியில் செய்ததைத் திரும்பச் செய்யுங்கள். ஏற்கனவே இருக்கும் ஃபைலை மேலெழுத முடியாது என்ற பொருளில் பேஷ் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஷெல்) ஒரு வரி காட்டும். ஃபைல் அப்படியே இருக்கும். புது ஃபைல் உருவாக்கத் தடையில்லை, >> போட்டு வால் பக்கம் சேர்க்கவும் தடையில்லை, வேண்டாததை டெவ்நல்லுக்கு (எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் /டெவ்/நல்) தள்ளவும் தடையில்லை.

டெர்மினலை மூடித் திறந்தால் தாழ்ப்பாள் போய்விடும். ஆகவே அதே வரியை வீட்டு ஃபோல்டரில் இருக்கும் தொடக்க ஃபைலின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். உபுண்டு போன்றவற்றில் அது .பேஷ்ஆர்சி. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் ஸெட்ஷெல்தான் இயல்பான ஷெல் என்பதால் .ஸெட்எஸ்ஹெச்ஆர்சி. சேர்க்கும்போது >> பயன்படுத்துவீர்கள் என்றால் இரண்டு அம்பும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒன்றை விட்டுவிட்டுத் தொடக்க ஃபைலையே துடைத்துக்கொண்டவர்கள் உண்டு. எடிட்டரில் திறந்து சேர்ப்பது நிம்மதி.

தெரிந்தே மேலெழுத வேண்டிய நேரமும் வரும். அதற்கு >| என்று அம்புக்குப் பின் ஒரு நேர்கோடு. அந்த ஒரு முறைக்கு மட்டும் தாழ்ப்பாள் திறக்கும். கை பழகிப்போய் எல்லா இடத்திலும் >| அடிக்கத் தொடங்கிவிட்டால் தாழ்ப்பாள் போட்டதே வீண்.

ஸெட்ஷெல்காரர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம்: அங்கே இந்தத் தாழ்ப்பாள் போட்டபின், இல்லாத ஃபைலுக்கு >> போட்டால் அதையும் மறுக்கும். பயந்துவிட வேண்டாம், ஃபைலை முதலில் ஒற்றை > போட்டு உருவாக்கிவிட்டால் போதும்.

3. ஸ்கிரிப்ட்டுக்கு அது தானாகப் போகாது

நான் இரண்டாம் முறை சறுக்கியது இங்கேதான். தொடக்க ஃபைலில் வரியைச் சேர்த்துவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்தேன். மூன்று வாரம் கழித்து இரவில் கிரான் ஓட்டிய ஸ்கிரிப்ட் ஒன்று முந்தைய நாள் பட்டியலை ஓசைப்படாமல் மேலெழுதியிருந்தது.

காரணம் எளிது. அந்தத் தொடக்க ஃபைல் நீங்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் டெர்மினலுக்குத்தான். ஸ்கிரிப்ட்டை ஓட்டும்போது புது ஷெல் ஒன்று கிளம்புகிறது, அது அந்த ஃபைலைப் படிப்பதில்லை. தாழ்ப்பாளை ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் உள்ளேயே போட வேண்டும். முதல் வரியில் எந்த ஷெல் என்ற #! வரி, இரண்டாவது வரியில் செட் -ஓ நோக்ளாபர். டெபியன், உபுண்டுவில் எஸ்ஹெச் என்று போட்டால் பேஷ் வராது, டேஷ் என்ற சின்ன ஷெல்தான் வரும். இந்த வரி அதிலும் வேலை செய்யும்.

4. மறுத்தால் ஸ்கிரிப்ட் நிற்கவும் வேண்டும்

மூன்றாவது சறுக்கல். (ஆமாம், மூன்று.) தாழ்ப்பாள் உள்ளே இருந்தது, மேலெழுத மாட்டேன் என்று ஷெல் மறுத்தும் விட்டது. ஆனால் ஸ்கிரிப்ட் நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய், ஃபோல்டரில் கிடந்த பழைய பட்டியலை எடுத்து ஆடிட்டருக்கு மெயில் அனுப்பியது. மூன்று நாள் ஒரே பட்டியல் போயிருக்கிறது. அவர் அண்ணனை அழைத்து, "என்ன சார், தினமும் அதே 41 பில்தானா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஒரு வரி தோற்றாலும் ஷெல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதுதான் அதன் இயல்பு. தடுக்க, தாழ்ப்பாளோடு இவற்றையும் சேருங்கள்:

செட் -ஈ
செட் -யு

முதலாவது, ஏதாவது ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நிறுத்தும். இரண்டாவது, மதிப்பே கொடுக்காத மாறியை (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) பயன்படுத்தினால் நிறுத்தும். மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் எங்கோ எழுத வேண்டியது வேறெங்கோ போய் எழுதிவிடும், அதற்குத்தான் இது.

-ஈ-யில் ஒரு பொறி இருக்கிறது. கிரெப் தேடியது கிடைக்கவில்லை என்றால் அதையும் தோல்வி என்றே சொல்லும், ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்த இடத்தில் வரியின் முடிவில் || ட்ரூ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒன்றின் விடையை அடுத்ததற்குத் தரும் பைப் (| குறி) போட்டு மூன்று கட்டளைகளைக் கோத்திருந்தால் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் பார்க்கும், நடுவில் ஒன்று விழுந்தது தெரியாது. பேஷில் செட் -ஓ பைப்ஃபெயில் போட்டால் அதுவும் பிடிபடும்.

5. இருக்கிற ஃபைலையே திருத்த வேண்டுமா? புதிதாக எழுதி, பார்த்து, பெயர் மாற்றுங்கள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் படியை மறக்க வேண்டாம். தாழ்ப்பாள் தடுக்கத்தான் செய்யும், வேலையை முடித்துக் கொடுக்காது. பட்டியலை அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வழி இது.

முதலில் அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைல். எம்கேடெம்ப் என்ற கட்டளை (எம், கே, டி, ஈ, எம், பி) யாருடனும் மோதாத பெயரில் அதை உருவாக்கித் தரும். அதற்கு மாதிரிப் பெயராக விற்பனை, ஒரு புள்ளி, பிறகு பெரிய எழுத்தில் ஆறு எக்ஸ் கொடுங்கள். அந்த எக்ஸ்களின் இடத்தில் தாறுமாறான எழுத்துகளை அதுவே போட்டுக்கொள்ளும். கிடைத்த பெயரை நியூ=$(எம்கேடெம்ப் …) என்ற வடிவில் நியூ என்ற மாறியில் வையுங்கள். ஃபைல் பெயர் தமிழில் இருக்கலாம், மாறியின் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், = குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. அப்புறம் இந்த வரிசை:

சார்ட் விற்பனை >| "$நியூ"
டெஸ்ட் -எஸ் "$நியூ"
சிபி -பி விற்பனை விற்பனை.பழையது
சிமாட் 644 "$நியூ"
எம்வி "$நியூ" விற்பனை

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு.

முதல் வரியில் ஏன் >| என்றால், எம்கேடெம்ப் அந்த ஃபைலை ஏற்கனவே உருவாக்கி வைத்துவிட்டது. ஒற்றை > போட்டால் தாழ்ப்பாள் மறுத்துவிடும். இது தெரியாமல் நான் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டேன், நீங்கள் கழற்ற வேண்டாம்.

டெஸ்ட் -எஸ், புது ஃபைலில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. காலி என்றால் தோல்வி, -ஈ இருப்பதால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும், அசல் பிழைக்கும். எனக்கு இது போதவில்லை. பழையதிலும் புதியதிலும் டபிள்யூசி -எல் போட்டு வரிகளை எண்ணி, புதியதில் குறைந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அடுக்கினால் வரி குறையக் கூடாது அல்லவா.

சிபி வரி பழையதற்கு ஒரு நகல். எம்வி கேட்காமல் மேலெழுதும், நம் தாழ்ப்பாள் அதைத் தடுக்காது. ஆகவே நகல் முதலில், எம்வி பிறகு.

சிமாட் (சி, ஹெச், எம், ஓ, டி) அனுமதியை மாற்றும், 644 என்றால் எல்லோரும் படிக்கலாம். அது எதற்கு? எம்கேடெம்ப் தரும் ஃபைலை உருவாக்கியவரைத் தவிர யாரும் திறக்க முடியாது. அப்படியே பெயர் மாற்றினால், நேற்றுவரை பட்டியலைத் திறந்துகொண்டிருந்தவருக்கு இன்று அனுமதி இல்லை என்று வரும். ரகசியமான ஃபைல் என்றால் 644 போடாமல் 600-ஆகவே விடுங்கள்.

தற்காலிக ஃபைல் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. ஒரே டிஸ்க் பகுதிக்குள் எம்வி என்பது வெறும் பெயர் மாற்றம்தான். ஃபைலைத் திறக்கிறவருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், இல்லை புதியது முழுதாகக் கிடைக்கும், பாதி எழுதியது கிடைக்காது. /டிஎம்பி ஃபோல்டர் பல கணினிகளில் தனிப் பகுதியாக இருக்கும். அங்கிருந்து எம்வி செய்தால் அது நகலெடுத்து அழிக்கும் வேலையாகிவிடும், நடுவில் கரண்ட் போனால் பழைய கதைதான்.

சார்ட்டுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: சார்ட் -ஓ விற்பனை விற்பனை. இது முழுவதும் படித்து முடித்த பிறகே எழுதும், அதனால் அதே பெயரைக் கொடுக்கலாம். ஆனால் எழுதும்போது டிஸ்க் நிறைந்துவிட்டால் அசலும் போகலாம். மற்றக் கட்டளைகளுக்கு மோர்யூடில்ஸ் தொகுப்பில் ஸ்பாஞ்ச் என்று ஒன்று இருக்கிறது. பைப்பில் வருவதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொண்டு, வருவது நின்றபின் ஃபைலில் எழுதும். இலவசம்தான், ஆனால் தனியாக நிறுவ வேண்டும். எனக்கு மேலே உள்ள ஐந்து வரிதான் பிடித்திருக்கிறது. எங்கே நின்றது என்று பார்க்க முடிகிறது.

6. தினம் ஓடுவதற்குத் தேதியிட்ட பெயர்

தினமும் புதுப் பட்டியல் எழுதும் ஸ்கிரிப்ட் என்றால் பழையதன் மேல் எழுத வேண்டிய தேவையே இல்லை. டேட் கட்டளைக்கு +%எஃப் (பெரிய எழுத்து) கொடுத்தால் 2024-11-03 போன்ற வடிவம் வரும். அதைப் பெயரோடு ஒட்டி விற்பனை-2024-11-03 என்று வையுங்கள். ஆண்டு முதலில் வருவதால் எல்எஸ் போட்டாலே தேதி வரிசையில் நிற்கும். நேரமும் வேண்டும் என்றால் 093000 என்று சேர்த்தே எழுதுங்கள், நடுவில் : போடாதீர்கள். பென்டிரைவில் பெரும்பாலும் இருக்கும் ஃபேட் வடிவம் அந்தக் குறியை ஏற்காது.

கிரான்டேப் வரியிலேயே டேட் கட்டளையை எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே % என்பது வரி முடிந்தது என்று பொருள்படும். ஒவ்வொரு % முன்னும் \ போட வேண்டும், இல்லாவிட்டால் வேலை பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். டெர்மினலில் ஓடிய அதே வரி கிரானில் ஏன் ஓடவில்லை என்று இரண்டு இரவு தேடிக் கண்டுபிடித்தது இது. டேட்டை ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

இடம் எவ்வளவு பிடிக்கும்? ஒரு நாள் பட்டியல் 40 கேபி என்றால் வருடத்துக்கு 15 எம்பிகூட ஆகாது. அதற்காக எதையும் அழிக்க வேண்டாம். பெரிய ஃபைல்கள் என்றால் ஃபைண்ட் கட்டளையில் -எம்டைம் +90 கொடுத்துப் பழையவற்றைக் கழிக்கலாம். முதலில் -டெலீட் சேர்க்காமல் ஓட்டி, எதெல்லாம் பட்டியலில் வருகிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

7. தாழ்ப்பாள் காக்காத வாசல்கள்

நோக்ளாபர் காப்பது ஷெல்லின் > குறியை மட்டும்தான். தானே ஃபைலைத் திறந்து எழுதும் கட்டளைகளுக்கு அது பொருட்டே இல்லை. சிபி, எம்வி இரண்டுக்கும் கையால் அடிக்கும்போது -ஐ சேர்த்தால் கேட்டுவிட்டுச் செய்யும், ஸ்கிரிப்ட்டில் -என் சேர்த்தால் இருப்பதைத் தொடாது. பைப்பில் வருவதைத் திரையிலும் ஃபைலிலும் எழுதும் டீ கட்டளையும் துடைத்துவிட்டுத்தான் எழுதும், வால் பக்கம் சேர்க்க -ஏ வேண்டும். முன்பு பார்த்த செட் இல்லை, எஸ்-ஈ-டி என்று எழுதும் இன்னொரு செட், ஃபைலில் உள்ள எழுத்தை மாற்றுவது; அதில் -ஐ போட்டு நேரடியாகத் திருத்துகிறவர்கள் -ஐ.பழையது என்று ஒட்டி எழுதினால் நகல் ஒன்று தங்கும். இணையத்திலிருந்து இறக்கும் கர்ல் -ஓ கேட்காமல் மேலெழுதும்.

8. ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு முறை ஓடினால்

ஃபைல் இருக்கிறதா என்று இஃப் போட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் எழுது என்று பலர் எழுதுகிறார்கள். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொன்று நுழைந்துவிடலாம். நோக்ளாபரில் அந்த இடைவெளி இல்லை. இருந்தால் தோற்றுப்போ, இல்லாவிட்டால் உருவாக்கு என்பதை ஒரே மூச்சில் செய்யச் சொல்லி அது கேட்கிறது. லினக்ஸில் கிரான் வேலை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்க, எஃப்லாக் (எஃப், எல், ஓ, சி, கே) என்பதை -என் சேர்த்து, ஒரு பூட்டு ஃபைலின் பெயரையும் கொடுத்து, ஸ்கிரிப்ட்டுக்கு முன்னால் போடுங்கள். முதலாவது முடியாமல் இரண்டாவது கிளம்பாது.

9. ஏற்கனவே போய்விட்டதா?

> துடைத்ததை மீட்கும் கட்டளை இல்லை. குப்பைத்தொட்டிக்கும் அது போவதில்லை. அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, இந்த வரிசையில் தேடுங்கள். அந்த ஃபைல் ஏதாவது எடிட்டரில் இன்னும் திறந்திருக்கிறதா? இருந்தால் அதை மூடாமல் வேறு பெயரில் சேமியுங்கள். டெர்மினலை மேலே உருட்டினால் முன்பு கேட் போட்டுப் பார்த்தது தெரிகிறதா? யாருக்காவது மெயிலில் அனுப்பினீர்களா? எனக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப். மாதம் பிறந்ததும் அண்ணனுக்கு அனுப்பிவைத்த பட்டியல்களில் ஒன்பது மாதம் கிடைத்தது. மீதி ஐந்து மாதத்தைக் கடையின் கார்பன் பில் புத்தகத்தைப் பார்த்து நான்கு இரவு தட்டினேன். நீல மை மங்கிப்போய் 1 எது 7 எது என்று தெரியாத பில்களை அண்ணன் டார்ச் அடித்துப் படித்துச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

10. பழைய ஸ்கிரிப்ட்டுகளைத் திருத்த

என்னிடம் 11 ஸ்கிரிப்ட் இருந்தது, ஒரு ஞாயிறு மதியம் முழுக்கப் பிடித்தது. முதலில் எல்லாவற்றையும் வேறு ஃபோல்டரில் நகலெடுத்தேன். பிறகு எந்த வரியில் எல்லாம் > இருக்கிறது என்று கிரெப் -என் போட்டுத் தேடி, ஒவ்வொன்றிலும் இது புது ஃபைலா, வால் பக்கம் சேர்ப்பதா, திருத்துவதா என்று பார்த்து 5 அல்லது 6-ஆம் படிக்கு மாற்றினேன். ஷெல்செக் என்ற இலவசக் கருவி, ஒரே ஃபைலைப் படித்துக்கொண்டே எழுதும் வரிகளைச் சுட்டிக்காட்டும். அதையும் ஓட்டிவிடுங்கள்.

தேடும்போது > குறியை மேற்கோளுக்குள் போட வேண்டும்:

கிரெப் -என் '>' மாதக்கணக்கு

மேற்கோள் இல்லாமல் அடித்தால் ஷெல் அதைத் தேட வேண்டிய எழுத்தாக எடுத்துக்கொள்ளாது. மாதக்கணக்கு என்ற ஸ்கிரிப்ட்டையே திறந்து துடைத்துவிட்டுத்தான் கிரெப்பைக் கூப்பிடும். நான் அப்படித்தான் அடித்தேன். 2-ஆம் படியில் போட்ட தாழ்ப்பாள் முதல்முறையாக உண்மையிலேயே எனக்கு உதவியது அன்றைக்குத்தான்.